கிளாஸ் கழுவியவன் தவறணைக்கு எழுதும் மடல்

வன்னியில் இயங்கும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்மார், பணிப்பாளர் சபையினர், அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் முள்ளியவளைப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஐயா சீவல் தொழிலாளி. பன்னிரண்டு பனையில் ஏறினார். காலையும் பின்னேரமும் இறக்கிய கள்ளைச் சங்கத்துக்கு அளந்தார். அந்தக் காசில்தான் நாங்கள் நான்கு பிள்ளைகளும் படித்தோம். 1999 இல் நான் நாட்டை விட்டுப் போனேன். பாரிஸில் பதினெட்டு வருடம் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினேன். அது என்ன வேலை என்று நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஐயா இல்லை. அவர் ஏறிய பன்னிரண்டில் நான்கு பனை நிற்கிறது. மற்றவற்றில் சில பங்கருக்குப் போயின, சில ஷெல்லடியில் தலை பறிகொடுத்தன.

போன பங்குனியில் ஒரு மத்தியானம் உங்கள் தவறணைகளில் ஒன்றுக்குப் போனேன். எந்தச் சங்கம் என்று எழுதப் போவதில்லை. தகரக் கொட்டில், உள்ளே பெரிய நீலப் பிளாஸ்ரிக் பரல். அன்று வந்த கள்ளெல்லாம் அதற்குள்தான். ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு, "தம்பி, இது யாற்ற கள்ளு?" என்று கேட்டேன். விற்கிற பெடியன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சங்கத்துக் கள்ளு" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குடித்துப் பார்த்தேன். காலையில் இறக்கிய கள்ளு பங்குனி வெயிலில் மத்தியானத்துக்குள் நன்றாகப் புளித்திருக்க வேண்டும். இது இனித்தது. சீவல்காரனின் மகனுக்கு அது என்ன இனிப்பு என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சீனி.

தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு 'வைன் ஸ்ரோர்ஸ்'. நம் நாட்டில் இந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்; உள்ளே வைனைத் தவிர எல்லாம் விற்கும். அங்கே இருபத்தைந்து முப்பது வயதுப் பெடியள் 8.8 வீத பியர் ரின்னை வாங்கி, நின்ற நிலையில் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். தவறணையில் இருந்த ஏழு பேரில் நான்தான் இளையவன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பாரிஸ் ஞாபகம்தான். அங்கேயும் இதே கதை நடந்ததை நான் கழுவுதொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு நாடு என்ன குடிக்கிறது என்று கிளாஸ் கழுவுகிறவனுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மத்தியானச் சாப்பாட்டுக்கே மேசைக்கு மேசை சிவப்பு வைன் போகும். திரும்பி வரும் கிளாஸ்களின் அடியில் ஊதாக் கறை ஒட்டியிருக்கும். இரவு விட்டுவிட்டால் காலையில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சில வருடம் போக, மத்தியானத்தில் வைன் கிளாஸ் குறைந்து தண்ணீர் கிளாஸ் கூடியது. வேலைக்குத் திரும்பிப் போகிறவர்கள் குடிக்காமல் விட்டார்கள். அப்புறம் கோடையில் றோசே வந்தது. வெளிறிய ரோஜா நிறம், ஐஸ் கட்டி போட்டுக் குடிப்பார்கள், கறையே பிடிக்காது. கழுவுகிறவனுக்கு அது பெரிய நிம்மதி. அதற்கும் பிறகு மேசைக்கு ஒரு போத்தல் என்பது போய், ஆளுக்கு ஒரு கிளாஸ் என்று வந்தது. கடைசி வருடங்களில் பாதிப் பேர் சின்னச் சின்ன ஆலைகளில் வடித்த பியர் கேட்டார்கள். மதுவே இல்லாத பியர் கேட்டவர்களும் இருந்தார்கள். எங்கள் பத்ரோன், அதாவது உணவக முதலாளி, தலையில் கை வைத்தார்.

நான் பார்த்தது கடைசி அத்தியாயம் மட்டும்தான். 1960 வாக்கில் பிரான்சில் ஆளுக்கு ஆண்டுக்கு நூறு லீற்றருக்கு மேல் வைன் செலவானது, குழந்தைகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்கூட. இன்று அதில் பாதியும் இல்லை. முதலாம் உலகப் போரில் படையினருக்குப் பாணோடு சேர்த்து வைனும் பங்கீடாகக் கொடுத்தார்கள். பாடசாலைச் சாப்பாட்டறையில் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு வைன் கொடுக்கக்கூடாது என்று அரசாங்கம் சுற்றறிக்கை விட்டது எப்போது தெரியுமா? 1956 இல். அதுவரை கொடுத்திருக்கிறார்கள்! எங்கள் உணவகத்துக்குப் பக்கத்து மாடியில் இருந்த ஒரு கிழவி, தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வைனில் தண்ணீர் கலந்து குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனதாகச் சொல்லுவார். நான் நம்பவில்லை. பிறகுதான் உண்மை என்று தெரிந்தது.

அந்தக் காலத்து வைன் வயல்காரனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் சாப்பாடு மாதிரி. மெல்லியது, மலிவானது, லீற்றர் போத்தலில் வரும், வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வயல் வேலை குறைந்து கந்தோர் வேலை கூடியது, மத்தியானச் சாப்பாட்டு நேரம் சுருங்கியது. வாகனம் ஓட்டுகிறவனின் இரத்தத்தில் லீற்றருக்கு அரைக் கிராமுக்கு மேல் மது இருக்கக்கூடாது என்று 1995 இல் இறுக்கினார்கள். 1991 இல் வந்த எவான் சட்டம் மது விளம்பரத்தின் கையைக் கட்டியது. இதெல்லாம் சேர்ந்துதான் அந்த லீற்றர் போத்தலை மேசையிலிருந்து இறக்கியது. தகப்பன் நாளாந்தம் குடித்தார், மகன் சனி ஞாயிறில் குடித்தான், பேரன் எப்போதாவது குடிக்கிறான். ஆனால் அந்தப் பேரன் குடிக்கும்போது, "இது யார் செய்தது?" என்று கேட்கிறான்.

இந்தக் கேள்விக்காகத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் உணவகத்தில் வைன் பரிமாற ஒரு பெண் புதிதாக வந்தாள். அவள் கொண்டுவந்த வைன் பட்டியலைப் பார்த்துப் பத்ரோனுக்கும் அவளுக்கும் சண்டையே நடந்தது. 'இயற்கை வைன்' என்று சொல்லுவார்கள். கடையில் வாங்கிய நொதியம் போடுவதில்லை, திராட்சைத் தோலில் தானாக இருக்கிற நொதியத்திலேயே புளிக்க விடுவார்கள். வடிகட்டுவதும் இல்லை. அதில் ஒரு வகை, புளிப்பு முடியுமுன்பே போத்தலில் அடைத்து மூடியை இறுக்குவது. திறந்தால் நுரை பொங்கும், அடியில் மண்டி தங்கியிருக்கும். ஒருநாள் மிச்சம் வந்த போத்தலிலிருந்து எனக்கு அரைக் கிளாஸ் ஊற்றித் தந்தாள். கலங்கல் நிறம், நாக்கில் சுறுசுறுவென்று ஏறுகிற புளிப்பு, மெல்லிய நுரை. நான் கையில் சவர்க்கார நுரையோடு நின்றபடியே சொன்னேன், தமிழில்தான் சொன்னேன்: "அட, இது கள்ளெல்லோ!"

அவளுக்கு விளங்கவில்லை. அரைகுறை பிரெஞ்சில் பனையை விளக்கினேன். பாளையைச் சீவுவது, முட்டி கட்டுவது, மரத்திலேயே புளிக்கத் தொடங்குவது, அன்றைக்கே குடித்து முடிப்பது. அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கலப்பும் இல்லாமல், ஒரே நாளில், ஒரு மரத்திலிருந்து? அந்தப் போத்தலுக்கு மேசையில் இருந்தவர்கள் கொடுத்த விலை என் அரை நாள் சம்பளம். எங்கள் ஐயா அதையே பனையோலைப் பிளாவில் வார்த்துக் கொடுத்துவிட்டு, படலைக்கு வெளியே நின்று சில்லறை வாங்கியவர்.

இன்னொன்றும் கவனித்தேன். அவள் மேசைக்குப் போய் வைனை ஊற்றுமுன் ஒரு பேரைச் சொல்லுவாள். இன்ன ஊர், இன்ன சரிவு, இன்னார் செய்தது, அவருக்கு இரண்டு பிள்ளைகள், போன வருடம் பனிக்கட்டி விழுந்து பாதித் தோட்டம் போய்விட்டது. குடிக்கிறவர்கள் முகம் மாறும். கிளாஸை ஒரே இழுவையில் காலி பண்ணமாட்டார்கள்.

ஐயாவும் இப்படிப் பேசுகிறவர்தான். கடற்கரை மணலில் நிற்கிற பனையின் கள்ளு வேறு, செம்மண் வளவுப் பனையின் கள்ளு வேறு என்பார். எந்தப் பனை முந்திப் புளிக்கும், எது நுரை கூட, எது நோயாளிக்குக் கொடுக்கலாம் என்று பன்னிரண்டையும் பிள்ளைகள் மாதிரிப் பிரித்துச் சொல்லுவார். ஒரு மரத்துக் கள்ளு வேண்டும் என்று அவரைத் தேடி வருகிறவர்கள் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் இந்த அறிவுக்கு ஒரு பெரிய சொல் வைத்திருக்கிறான், சட்டமும் வைத்திருக்கிறான். 1935 இல் அதற்கென்று ஒரு குழு அமைத்து, அடுத்த வருடமே இன்ன ஊர்ப் பெயரை இன்ன எல்லைக்குள் விளைந்த வைனுக்குத்தான் போடலாம் என்று முதல் ஊர்களை அறிவித்தார்கள். நாம் அந்த அறிவை நீலப் பரலுக்குள் கொட்டிக் கலக்குகிறோம்.

சரி, சீனிக்கு வருகிறேன். கோபிக்க வேண்டாம், பிரான்சிலும் சீனிதான் பிரச்சினை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு பூச்சி வந்து திராட்சை வேரையெல்லாம் அரித்தது. வைன் தட்டுப்பட்டது. பிழிந்த சக்கைக்குச் சீனியும் தண்ணீரும் ஊற்றிப் புளிக்கவைத்து விற்கப் பழகினார்கள். அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித் தோட்டங்கள் திரும்பத் தளிர்த்தபோதும் சீனி வைன் போகவில்லை. விலை விழுந்தது. தெற்கே லாங்டொக் என்ற பகுதியில் திராட்சைக்காரர்கள் வைனைக் கையில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். 1907 பங்குனியில் ஆர்ஜெலியே என்ற சின்ன ஊரிலிருந்து 87 பேர் நார்போன் நகரத்துக்கு நடந்தார்கள். முன்னுக்கு நின்றவர் மார்செலின் அல்பேர், ஊரில் தேத்தண்ணிக் கடை மாதிரி ஒரு கஃபே வைத்திருந்த ஆள். ஆனி 9 ஆம் திகதி மொன்பெலியே நகரத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேல் கூடினார்கள். அரசாங்கம் படையை அனுப்பியது, நார்போனில் சூடு விழுந்து ஆட்கள் செத்தார்கள். 17 ஆம் படைப்பிரிவின் சிப்பாய்கள், அதே ஊர்ப் பெடியள், நம் சனத்தைச் சுடமாட்டோம் என்று கலகம் செய்தார்கள். அந்த மாதம் முடியுமுன்பே சட்டம் வந்தது: வைனில் தண்ணீர் கலப்பதற்குத் தடை, சீனிக்குக் கட்டுப்பாடு.

நான் ஒருமுறை லீவெடுத்து அந்தப் பக்கம் திராட்சை அறுவடைக்குப் போயிருக்கிறேன், இரண்டு கிழமை, முதுகு உடைந்துவிட்டது. பெசியே நகரத்துக்குக் கிட்ட மரோசான் என்று ஓர் ஊர். சிறிய திராட்சைக்காரர்கள் 1901 இல் அங்கே ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். தரகருக்கு விற்காமல் பாரிஸிலிருந்த தொழிலாளர் கூட்டுறவுக் கடைகளுக்கு நேரே வைன் அனுப்பினார்கள். ஆளுக்கு ஆள் துண்டு நிலம், சேர்ந்த இடத்தில் ஒரு களஞ்சியம். அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நம் சங்கம் ஞாபகம் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் குத்தகைக்காரரின் தவறணையை மாற்றி, சீவுகிறவனின் கையில் சங்கத்தைக் கொடுத்தபோது ஐயாவின் தலைமுறைக்கு அது என்ன பெருமை என்று சொல்லுவார். அதுவரை மரத்தில் ஏறுகிறவன் ஒருத்தன், காசு எண்ணுகிறவன் வேறொருத்தன். சங்கத்தின் வரலாறு உங்களுக்கு என்னைவிடத் தெரியும். அதனால்தான் அந்தப் பரலில் சீனியைக் கண்டபோது எனக்கு அப்படி வலித்தது.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் நான் பொய்யனாவேன். நம் பிள்ளைகள் பனையில் ஏறாததற்குக் காரணம் உயரம் மட்டும் இல்லை. சாதி. கள்ளைக் குடித்தவன் வீட்டுக்குள் இருந்தான், கள்ளை இறக்கியவன் முற்றத்தில் நின்றான். எனக்கு ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் என் ஐயாவின் தொழிலைச் சொல்லி ஒருவன் கூப்பிட்ட பெயர் இன்னும் காதில் இருக்கிறது. நான் பிரான்சில் கோப்பை கழுவப் போனதற்கு யுத்தம் பாதிக் காரணம், அந்தப் பெயர் மீதிக் காரணம். அங்கே போய்ப் பார்த்தால், வைன் செய்கிறவனின் பெயர் போத்தலின் நெற்றியில் அச்சடித்திருக்கிறது. ஊர்ச் சந்தையில் அவனைக் கண்டால் தொப்பியைத் தூக்குகிறார்கள். ஒரு கரும்பலகையில் பெயர் எழுதினால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெயரில்லாத பரலுக்குள் ஒளிந்திருப்பதால் அது ஒழியவில்லை என்பதை ஐம்பது வருடமாகப் பார்த்துவிட்டோம்.

குடியை வளர்க்க வந்திருக்கிறான் என்று என்னைத் திட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாக நம் தாய்மார். அவர்களுடைய கோபம் நியாயம். யுத்தத்துக்குப் பிறகு இந்த மண்ணில் குடியால் குலைந்த வீடுகளை எனக்கும் தெரியும். என் தங்கையின் வீடும் அதில் ஒன்று. கள்ளிலும் மது இருக்கிறது, அது மருந்து என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் தங்கையின் புருசனைக் குலைத்தது கள்ளு இல்லை. முதலில் கசிப்பு, பிறகு கையில் காசு வந்தபோது சாராயம். கள்ளில் மது ஐந்து வீதம் அளவில், சாராயத்தில் முப்பத்து மூன்றுக்கும் மேல். கள்ளு வயிற்றை நிரப்பும், நாளைக்கு வைக்க முடியாது, இருந்துதான் குடிக்க வேண்டும். பிரான்ஸ் குடியைக் குறைத்தபோது மெல்லியதை விட்டுக் கடுமையானதற்கு ஓடவில்லை. குடிக்கிற நாளைக் குறைத்தார்கள், குடிக்கிறதை நல்லதாக்கினார்கள். நாங்கள் மெல்லியதிலிருந்து கடுமையானதுக்கு ஓடிக்கொண்டிருக்கிறோம். நான் கேட்பது அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் திருப்பத்தான். இருபத்தொரு வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை வைன் ஸ்ரோர்ஸை விட முதலில் தவறணை கடைப்பிடிக்க வேண்டும். இரவு நேரத்தோடு பூட்ட வேண்டும். வெறியில் வருகிறவனுக்கு ஊற்றக்கூடாது. இவையெல்லாம் விற்பனையைக் குறைக்கும். குறையட்டும்.

பிரான்சைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அங்கேயும் எல்லோரும் தப்பவில்லை. 2023 இல் விற்க முடியாத வைனை வாங்கி வடித்து, கை கழுவும் திரவத்துக்கும் வாசனைத் தைலத்துக்கும் மதுசாரமாக மாற்ற 200 மில்லியன் யூரோ ஒதுக்கினார்கள். போர்தோவில், உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த போர்தோவில், திராட்சைக் கொடியைப் பிடுங்குகிறவனுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. பேரன்மார் குடிக்காத சிவப்பு வைனைத் தாத்தாவுக்குச் செய்த மாதிரியே செய்துகொண்டிருந்தவர்கள்தான் அதில் கூடுதல். திராட்சையைப் பிடுங்கினால் திரும்ப நட்டு நாலைந்து வருடத்தில் காய் பார்க்கலாம். பனைக்குப் பதினைந்து இருபது வருடம் வேண்டும்.

போத்தல் கள்ளு ஏற்றுமதி பற்றி நீங்கள் கூட்டங்களில் பேசுவது எனக்கும் வருகிறது. வெளிநாட்டில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பாரிஸில் நம் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் நாங்கள் அதை வாங்குவோம், ஊர் ஞாபகத்துக்கு ஒன்று. சூடாக்கிப் புளிப்பை நிறுத்தி அடைத்த கள்ளு, அவித்த இளநீர் மாதிரி இருக்கும். இரண்டாவது போத்தல் வாங்குகிறவன் குறைவு. ஏற்றுமதி வேண்டாம் என்று இல்லை, வரும் வருமானம் வரட்டும். ஆனால் கள்ளின் உயிர் இருக்கிற இடம் மரத்தடியிலிருந்து சைக்கிள் போகிற தூரம்தான். பரந்தனில் இருக்கிறவன் பரந்தன் கள்ளைக் குடிக்கட்டும், பூநகரிக்குப் போகிறவன் பூநகரிக் கள்ளைத் தேடிப் போகட்டும்.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. பரலை எடுத்துவிட்டு, கொண்டுவருகிற ஒவ்வொருவரின் கள்ளையும் தனித் தனி முட்டியில் வையுங்கள். தவறணை வாசலில் ஒரு கரும்பலகை. அதில் இறக்கியவரின் பெயர், ஊர், காலைக் கள்ளா பின்னேரக் கள்ளா, எத்தனை மணிக்கு இறக்கியது. இது விளம்பரம் இல்லை, விபரம். சீனியும் தண்ணீரும் கலந்தவரின் கள்ளைச் சங்கம் வாங்காது என்று பொதுச்சபையில் தீர்மானம் எடுங்கள், கலந்தது சங்கத்தின் ஆளாக இருந்தாலும் அதே தீர்மானம். இருக்க ஒரு வாங்கு, கழுவிய கிளாஸ், சாப்பிட மீன் பொரியலோ கிழங்கோ. பிளா கட்டத் தெரிந்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நாலு காசு. கூடுதலாக வருகிற விலையில் முதல் பங்கு ஏறுகிறவருக்கு. மரத்தால் விழுந்து படுத்தவரின் வீட்டுக்குப் போக ஒரு பகுதி. ஐயா விழுந்தபோது எங்களுக்குப் பக்கத்து வீட்டார்தான் அரிசி தந்தார்கள்.

ஒரு தவறணையில், ஒரு பருவத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். சரிவராவிட்டால் பரலைத் திரும்ப வையுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன்.

ஐயாவின் சங்கப் பங்குத் துண்டு என்னிடம் இருக்கிறது. இடப்பெயர்வில் அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, இலக்கம் வாசிக்கலாம். அதை எடுத்துக்கொண்டு அடுத்த பொதுச்சபைக் கூட்டத்துக்கு வருவேன். பேச விடுவீர்களா என்று தெரியாது. மிஞ்சியிருக்கும் நான்கு பனையையும் வரும் மாசியில் சீவ ஒரு தம்பியைக் கேட்டிருக்கிறேன், தன் பெயரைப் பலகையில் எழுதுவதென்றால் ஏறுகிறேன் என்றான். பலகையும் சோக்கும் வாங்கி வைத்துவிட்டேன். கிளாஸ் கழுவ ஆள் தேட வேண்டாம், நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சீவல் தொழிலாளியின் மகன்,
முள்ளியவளை